பரிசல்காரர் பேச்சைக் கேளுங்கள்

ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கும். வேன் பேசியாயிற்று. கறிக்கு மசாலா யார் வீட்டில் அரைப்பது, தூண்டில் எத்தனை எடுப்பது, விறகு அங்கேயே கிடைக்குமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். போய் வாருங்கள். அணை முனியப்பனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, காவிரியில் தலை முழுகி, மர நிழலில் இலை போட்டு உறவெல்லாம் ஒன்றாக உண்பது இந்தப் பக்கத்து மக்களின் பழைய சந்தோஷம். கைபேசியை மறந்து, தக்கை அமிழ்கிறதா என்று கண் கொட்டாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் பெரிய செல்வம். அதை யாரும் தடுக்க வேண்டாம்.

ஆனால் புறப்படுமுன் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள். அணைக்குச் சுற்றுலா வந்தவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்ற செய்தி கோடையிலும் ஆடியிலும் நாளிதழில் வராமல் போன ஆண்டு எனக்கு நினைவில் இல்லை. மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, சாத்தனூர், வைகை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். கல்லூரி மாணவர்கள், புது மாப்பிள்ளை, தம்பியைக் காப்பாற்றக் குதித்த அக்காள், அவளைக் காப்பாற்றக் குதித்த தகப்பன். நான்கு வரியில் செய்தி முடிந்துவிடும். அந்த நான்கு வரிக்குப் பின்னால் ஒரு மீனவர் இருக்கிறார். அன்று தன் வலையை விட்டுவிட்டு, பரிசலைத் திருப்பி, நீண்ட மூங்கிலால் ஆழத்தைத் துழாவி, யாரோ பெற்ற பிள்ளையை வெளியே எடுத்துக் கரையில் கிடத்துகிறவர் அவர்தான். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. தீயணைப்புத் துறையினர் வந்து சேரும்வரை, சில வேளை வந்த பிறகும், தேடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. நம் சந்தோஷத்துக்கு வந்த இடத்தில் அவர்களுக்கு இந்த வேலையை வைத்துவிட்டு வருவது பாவம். நாம் ஒரே ஒரு நாள் போகிற தண்ணீரில் அவர்கள் எல்லா நாளும் வாழ்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அங்கே செய்யத் தக்கதும் தகாததும் தானே விளங்கும்.

முதலில் தண்ணீரைப் பற்றி. மேட்டூர் அணை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நிறைந்தால் 150 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அசையாமல் நிற்கும் நீராகத் தோன்றும். நிற்கவில்லை. டெல்டாவின் குறுவைக்கும் சம்பாவுக்கும், மின்சாரத்துக்கும், குடிநீருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த நீர் இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மேலே கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைந்தால் இங்கே வரத்து ஏறும். வரத்து ஏறினால் திறப்பும் ஏறும். காலையில் இருந்த ஆறு மாலையில் இருக்காது.

அணைக்குக் கீழே பாறைத்திட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து அந்தத் திட்டுக்குப் போயிருப்பீர்கள். பிள்ளைகள் பாறை இடுக்கில் குட்டி மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மதியம் திறப்பு கூடுகிறது. நாளிதழில் வினாடிக்குப் பத்தாயிரம் கனஅடி என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பத்தாயிரம் கனஅடி என்பது வினாடிக்கு 2,83,000 லிட்டர். தெருவில் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய இருபத்துநான்கை ஒரே நேரத்தில் கவிழ்த்தால் எவ்வளவோ, அவ்வளவு, ஒவ்வொரு வினாடியும். அணை நிறைந்து 16 கண் மதகையும் தூக்கினால் இதைப் போலப் பல மடங்கு வரும். 2018 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கனஅடியைத் தாண்டித் திறந்தார்கள். அந்த வெள்ளக் காலத்தில்தான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத் தூண்கள் சரிந்தன. முக்கொம்பில் 1836-இல் கட்டிய மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கல்லையும் இரும்பையும் பெயர்த்த ஆறு அது. வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே போதும், வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும்.

ஆகவே இறங்குமுன் விசாரியுங்கள். இன்று திறப்பு எவ்வளவு, கூட்டப் போகிறார்களா என்று அணைப் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டாலே சொல்வார். ஒலிபெருக்கியில் அறிவித்தாலோ, சங்கு ஊதினாலோ, பானையில் சோறு பாதி வெந்திருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். எச்சரிக்கை எதுவும் காதில் விழாமலும் இருக்கலாம். திட்டின் ஓரத்தில் இருந்த ஈரக்கோடு மறைகிறது, தெளிந்த நீர் கலங்குகிறது, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்குகின்றன என்றால் தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் பாத்திரங்களை எடுக்க யாரும் திரும்பிப் போகக் கூடாது. வெள்ளக் காலத்தில் குளிக்கத் தடை போட்டிருந்தால் காவலரோடு வாதாடாதீர்கள். சாமிக்கு வேண்டியது உங்கள் தலை நனைவது. அதற்கு ஒரு சொம்பு காவிரி நீர் போதும்.

அணைக்கு மேலே, நீர்த்தேக்கப் பகுதியில், அபாயம் வேறு மாதிரி. பண்ணவாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை காட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் வெளியே நிற்கும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்கள் அவை. ஊர் மூழ்கியது என்றால் கோயிலும் தேவாலயமும் மட்டுமா மூழ்கின? கிணறுகள் மூழ்கின, வரப்புகளும் வாய்க்கால்களும் குட்டிச்சுவர்களும் மூழ்கின. பழைய ஆற்றின் மடுக்களும் அடியில் அப்படியே கிடக்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவருக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று மேலே இருந்து தெரியாது. நீர் வற்றிய ஓரங்களில் வண்டல் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். மிதித்தால் தொடை வரை உள்ளே இழுக்கும். சேற்றில் கால் சிக்கியவர் திமிறத் திமிற இன்னும் இறங்குவார். அமராவதியிலோ முதலைகளும் இருக்கின்றன. இவையெல்லாம் பரிசல் ஓட்டுகிறவருக்கும் வலை போடுகிறவருக்கும் மனப்பாடம். “தம்பி, அங்க எறங்காதீங்க, உள்ள மடு இருக்குதுங்க” என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் உங்களைத் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேளாமல் போனவர்களைத்தான் அவர் பிறகு தேடி எடுக்கிறார்.

பரிசலில் ஏறினால் அவர் எத்தனை பேர் என்கிறாரோ அத்தனை பேர்தான். மிதவைச் சட்டை கொடுத்தால் போட்டு, கொக்கிகளை மாட்டி, இறங்கும்வரை கழற்றாதீர்கள். வியர்க்கிறது, படத்தில் சட்டை தெரியவில்லை என்று கழற்றும் ஆளைப் பக்கத்தில் இருப்பவர் அதட்ட வேண்டும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அது வட்டம். ஒரு பக்கம் இருவர் எழுந்து நின்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நடுத் தண்ணீரில் நின்று படம் எடுக்க ஆசைப்பட்டுக் குடும்பத்தோடு கவிழ்ந்தவர்கள் உண்டு. பரிசல்காரர் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அவர் கூலிக்கு வந்தவர் என்று எண்ணி அதட்டிப் பேசுவது, இன்னும் நடுவே போ என்று விரட்டுவது, காற்று எழும்பிவிட்டது திரும்பலாம் என்கிறவரிடம் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பது, இதெல்லாம் அந்த ஊரில் தினம் நடக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் குடும்பத்தின் உயிர் அவர் கைத் துடுப்பில் இருக்கிறது. வாங்க அண்ணே, சொல்லுங்க அண்ணே என்று பேசுங்கள்.

மூழ்குகிறவர் கூச்சல் போடுவார், கை காட்டுவார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். சினிமா அப்படிக் காட்டிப் பழக்கிவிட்டது. உண்மையில் மூழ்குகிறவருக்குக் கத்த மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய, வாய் நீர்மட்டத்தில் தவிக்க, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி நிற்பவர் அவர் விளையாடுகிறார் என்று நினைப்பார். ஒரு நிமிடத்துக்குள் அவர் உள்ளே போய்விடலாம். எனவே பிள்ளைகள் நீரில் இருக்கும்போது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள்: இந்த அரை மணி நேரம் சித்தப்பா பார்க்கிறார், அடுத்த அரை மணி அத்தை பார்க்கிறார் என்று. பார்க்கிறவர் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருவர் மூழ்கினால், கும்பிட்டுக் கேட்கிறேன், அடுத்தவர் குதிக்காதீர்கள். ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேர் போவது இப்படித்தான். தவிக்கிறவர் கையில் கிடைப்பதைப் பிடித்து அழுத்தித் தான் மேலே வரப் பார்ப்பார். பிடித்தது தன் அண்ணன் தோள் என்று அவருக்கு அந்த நேரம் தெரியாது. கரையில் படுத்துக்கொண்டு எட்டுகிற தூரத்துக்குக் கிளையை நீட்டுங்கள். எட்டாவிட்டால் வேட்டியை, சேலையை, துப்பட்டாவை முடிந்து வீசுங்கள். நம்மோடு வரும் பெண்கள் கட்டியிருக்கும் சேலைகள் இதுவரை எத்தனையோ உயிரைக் கரை சேர்த்திருக்கின்றன. குடிநீர் கொண்டுபோன காலி கேனை மூடி இறுக்கி, கயிறு கட்டி எறிந்தால் அதுவே மிதவை; இருபது லிட்டர் கேன் ஓர் ஆளின் தலையை நீருக்கு மேலே நிறுத்தப் போதும். இதற்காகவே வேனில் முப்பது நாற்பது அடிக் கயிறு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கத்திப் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள். 108-க்கும் 112-க்கும் ஒருவர் பேசட்டும்.

வெளியே எடுத்ததும் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அதில் போவது அவருக்கு மிச்சம் இருக்கும் நேரம். தரையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்று பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சைக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து வேகமாக 30 அழுத்து, 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

இனித் தூண்டில். மீன் பிடிக்கப் போகிறவர்கள் பொதுவாக அமைதியானவர்கள்; அவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அவர்கள் சிந்திக்க வேண்டியது நிறைய இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் மீன் தானாக விளைந்து கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். இங்கே பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்து, மீன்வளத் துறை அணையில் கொண்டுவந்து விடுகிறது. உரிமம் பெற்ற மீனவர்கள் அந்த மீனை நம்பிப் பிழைக்கிறார்கள். சாயங்காலம் வலையை விட்டு, விடியுமுன் குளிரில் போய் எடுக்கிறார்கள். விரல் நீளக் குஞ்சு ஒரு வருடம் விட்டால் ஒரு கிலோ மீனாகக் கூடும். அதைப் பிடித்துப் பாலித்தீன் பையில் இருபது முப்பது போட்டு, வீடு போய்ச் சேருமுன் நாறிப்போய்க் குப்பையில் கொட்டுகிறவர்கள் அடுத்த ஆண்டின் இருபது முப்பது கிலோவைக் கொட்டுகிறார்கள். குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, செவுளில் விரல் விடாமல் மெல்ல முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். அன்று வீட்டில் உண்ணத் தேவையான அளவு வந்ததும் தூண்டிலைச் சுற்றுங்கள். அதற்குமேல் ஆசை இருந்தால் கரையில் மீனவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். மேட்டூரில் வறுத்தே தருவார்கள்.

எங்கே தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்று கேட்டுப் போடுங்கள். அனுமதி வேண்டுமென்றால் வாங்குங்கள். கட்டிக் கிடக்கும் வலைக்குப் பக்கத்தில் எறிந்து, முள் மாட்டிக்கொண்டதும் வலையைக் கத்தியால் அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வலை கடன் வாங்கி வாங்கியதாக இருக்கும். மாட்டினால் உங்கள் தங்கூசி நரம்பை அறுங்கள்.

அறுத்த நரம்பை அங்கேயே விடவும் கூடாது. பலர் கவனிக்காத பெரும் தீங்கு இது. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, மக்காது. நீர்க்காகமும் நாரையும் அதில் காலை விட்டுக்கொண்டு, பறக்கப் பறக்க இறுகி, கால் அழுகிச் சாகின்றன. காவிரியில் நீர்நாய்கள் உண்டு, மென் ஓட்டு ஆமைகள் உண்டு, அவையும் சிக்குகின்றன. முள்ளோடு விட்ட நரம்பு மறுநாள் வெறுங்காலோடு பரிசலைத் தள்ளும் மனிதரின் பாதத்தில் ஏறும். எல்லா நரம்பையும் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

தோட்டா போட்டு மீன் பிடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளோடு போகாதீர்கள். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது. வெடித்ததும் மிதந்து வருவது கொஞ்சம். செத்து அடியில் தங்குவது நிறைய. குஞ்சும் முட்டையும் அந்த இடத்தில் அடியோடு அழியும். கை போனவர்களும் கண் போனவர்களும் ஆற்றோர ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனை, அதிலும் டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனை, புண்ணியம் என்று நினைத்து அணையில் விடுகிறவர்களும் நிறுத்துங்கள். அது இங்கே பெருகினால் நம் மீனுக்கு இடம் இராது. மீனவர் வலையில் ஏறினால் வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது. பவானிசாகருக்கு வந்து சேரும் மாயாற்றில் காவிரியின் திமில் மாசீர் இன்னும் பிழைத்திருக்கிறது. 2018-இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள மீன் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலில் சேர்த்தது. அப்படி ஒன்று எங்காவது தூண்டிலில் வந்தால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீருக்குள்ளேயே முள்ளை எடுத்து விட்டுவிடுவதுதான் முறை.

பாட்டிலுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பதில் என்ன இன்பம்? நீர் ஏறும்போது அந்தச் சில்லு நீருக்கடியில் போகும், இறங்கும்போது சேற்றுக்குள் நிற்கும். ஆடு மாடு அங்கே நீர் குடிக்க வருகின்றன. நீர் இறங்கிய ஓரத்தில் வெள்ளரியும் எள்ளும் விதைக்கிற பெண்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். பவானிசாகர் பக்கம் என்றால் யானைகள். 2013 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் சத்தியமங்கலம் காட்டிலிருந்து கோடையில் கூட்டம் கூட்டமாக நீர்த்தேக்கத்துக்கு இறங்கி வரும். யானையின் பாதம் கீழே மெத்தென்று இருக்கும். கண்ணாடி ஏறினால் புரையோடும். நடக்க முடியாத யானை பட்டினியால் சாகும். யானைகள் இப்படிப் படும் பாடு உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகே 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, ஓர் உயிருக்காகத் திருப்பி எடுத்துவரத் தெரியாதா? யானை கண்ணில் பட்டால் தொலைவில் இருந்தே பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். குட்டியோடு வந்த தாய், படம் எடுக்கிறவருக்கும் அடிக்க வருகிறவருக்கும் வேறுபாடு பார்க்காது.

உண்ட இலை மண்ணோடு போகும். பேப்பர் கப், தண்ணீர்ப் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், ஷாம்பூ பாக்கெட் போகாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் இந்த மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதை ஆற்றங்கரையில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். கிடாயின் குடலையும் கழிவையும் நீரில் கொட்டுகிறோம். குழி வெட்டி மூடினால் என்ன? இந்த நீரை யார் குடிக்கிறார்கள் என்று யோசியுங்கள். சேலம் மாநகர் குடிக்கிறது. இங்கிருந்து குழாயில் வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. ஆற்றோடு இறங்கினால் ஈரோட்டிலும் கரூரிலும் திருச்சியிலும் எடுக்கிறார்கள். திருச்சிப் பக்கமிருந்து ராமநாதபுரம் வரை கொண்டுபோகிறார்கள். கொள்ளிடத்தில் அணைக்கரை வரை ஓடி, வடவாற்றில் திரும்பி, வீராணத்தில் தங்கி, அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னையில் குழாயடியில் விழுகிறது. சென்னையிலிருந்து வேன் பிடித்து வந்து மேட்டூரில் சோப்புப் போட்டுத் துவைக்கிறவர் எந்தத் தண்ணீரில் துவைக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் நீர் சில ஆண்டுகளில் பச்சையாகப் பாசி பிடித்து, பண்ணவாடிப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும்படி நாறியிருக்கிறது. அதற்குச் சாக்கடையும் வயல் உரமும் பெருங்காரணங்கள். அவற்றை அரசுகள்தான் தடுக்க வேண்டும், தடுக்கும்படி நாம் கேட்க வேண்டும். நாமே குப்பையைக் கொட்டிவிட்டு அந்தக் கேள்வியை எந்த வாயால் கேட்பது?

கடைசியாக ஒருவரிடம் பேச வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் ஓர் ஆள் இருப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தவர், வேன் பேசியவர், வாட்ஸ்அப்பில் விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோரையும் எழுப்பியவர். மாமா, அண்ணன், வகுப்புத் தலைவர், ஆபீசில் மூத்தவர், யாராகவும் இருக்கலாம். உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் சொல்லை அவர்கள் கேட்பார்கள். குடித்தவர் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஏறாது. நீச்சல் தெரியும் என்று மார் தட்டுகிறவரை முதலில் கண்ணில் வையுங்கள். கிணற்றில் நீந்தியவருக்கு ஆற்றின் இழுப்புத் தெரியாது. கயிறும் காலி கேனும் கோணிப்பை நான்கும் வண்டியில் ஏறினவா என்று நீங்களே பாருங்கள். இறங்கிய இடத்தில் முதல் வேலையாக ஒரு பரிசல்காரரையோ மீனவரையோ தேடிப் போய், எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டு, அவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தி அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உணவு நேரத்தில் அவருக்கும் ஓர் இலை போடுங்கள்.

மதியத்துக்கு மேல் உங்கள் தம்பி முறையுள்ள ஒருவன் சிவந்த கண்ணோடு வந்து, “ஒரே ஒரு முங்கு, அண்ணே” என்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் சிரிப்பான், கெஞ்சுவான், பிறகு எல்லோர் முன்னாலும் கோபித்துக்கொள்வான், இனி உங்களோடு எங்கேயும் வரமாட்டேன் என்பான். வராமல் போகட்டும். கையைப் பிடித்து இழுத்து வந்து வேனில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.